ஒழுகும் கூரையா, வெளிநாட்டுப் பணியா? எங்கள் கிராமத்துக் கோயிலில் ஒரு கேள்வி

வில்ட்ஷயர்வாசி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்து யோசனை சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கம் ஒரு சின்ன கிராமத்தில் குடியிருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். இங்கே எங்கள் ஊர் ஆங்கிலிக்கன் கோயிலில் (சர்ச்சில்) ஞாயிறு ஆராதனைக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். நம் ஊர் சேகரக் கமிட்டி (கோயில் நிர்வாகக் குழு) போல இங்கே பரோக்கியல் சர்ச் கவுன்சில். அதில் என்னையும் சேர்த்து, வெளிநாட்டு உதவிப் பொறுப்பை என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கோயிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு ஊருக்கு வெளியே போய்விட வேண்டும். அதில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சமுதாய வளர்ச்சிப் பணிகளுக்கு. இது போக மே மாதம் கிறிஸ்டியன் எய்ட் என்ற உதவி நிறுவனத்துக்கான வசூல் வாரம், லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு) நாட்களில் சூப்பும் ரொட்டியும் மட்டும் போடும் மதியச் சாப்பாடு, அறுப்பின் பண்டிகை விருந்து, கோடையில் செடி விற்பனை. தயிர் டப்பாவில் முளைக்க வைத்த தக்காளி நாற்றுகளைக் கோயில் வாசலில் மேசை போட்டு அடுக்கியிருப்பார்கள். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் ஒவ்வொரு டப்பாவிலும் ரகத்தின் பெயரைப் பென்சிலால் எழுதி ஒட்டுவார். அந்த நாற்றுக் காசுதான் தெற்கு சூடானுக்குப் போகிறது. எங்கள் சாலிஸ்பரி திருமண்டலத்துக்கும் (டயோசிஸ், ஒரு பிஷப்பின் கீழ் உள்ள பகுதி) சூடான் திருச்சபைக்கும் 50 ஆண்டுகளுக்கும் மேலாக உறவு இருக்கிறது.

இப்போது சிக்கல். வடபக்கக் கூரையின் ஈயத் தகட்டைத் திருடர்கள் ஒரே ராத்திரியில் உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். தார்ப்பாய் கட்டி மூடியிருக்கிறோம். மழை வந்தால் பெஞ்சுகளுக்கு நடுவில் வாளி. கோயில் கட்டடத்தில் திருமண்டல அனுமதி இல்லாமல் எதையும் மாற்ற முடியாது, செலவோ எங்கள் சக்திக்கு மீறியது. போன கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம் தலையிலேயே தண்ணீர் சொட்டும்போது ஆயிரக்கணக்கான மைல் தாண்டிக் காசு அனுப்புவது என்ன நியாயம்? கூரை முடியும் வரை நிறுத்துவோம்" என்றார். மனிதர் கஞ்சர் அல்ல. வருஷக்கணக்காகக் கல்லறைத் தோட்டத்துப் புல்லைக் கூலி வாங்காமல் வெட்டுகிறவர்.

இன்னொரு பக்கம் இளையவர்கள் சிலர், "பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்தால் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. நமக்கென்று ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர்ப் பக்கமே எடுக்கலாமே" என்று என்னைக் கேட்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசரப்படப் பயமாகவும் இருக்கிறது.

நிறுத்தலாமா? நிறுவனம் வழியாகவா, நேரடியாகவா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஹாரோ_கணக்கர் எழுதியது:

அக்கா, சில கோயில்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன் என்பதால் பணப்பக்கம் மட்டும் சொல்கிறேன்.

கூரைக்கும் வெளிநாட்டுக்கும் ஒரே பணப்பையிலிருந்து எடுக்க வேண்டும் என்ற நினைப்பே முதலில் மாறணும். கூரைக்கு நேஷனல் சர்ச்சஸ் டிரஸ்ட், லாட்டரி பாரம்பரிய நிதி என்று தனி வாசல்கள் இருக்கின்றன. அங்கே விண்ணப்பிக்கலாம். காப்பீட்டில் உலோகத் திருட்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். தெற்கு சூடான் பள்ளிக்கூடத்துக்கு அந்த வாசல் எதுவும் திறக்காது. உங்கள் பத்தில் ஒரு பங்கை நிறுத்தினால் கூரைச் செலவில் எவ்வளவு அடையும் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டத்தில் காட்டுங்கள். அநேகமாக ஒரு மூலைக்குக்கூடப் போதாது.

அடுத்தது கிஃப்ட் எய்ட். வரி கட்டுகிறவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது. தட்டில் விழும் சில்லறைக்கும் வழி உண்டு: 30 பவுண்டு வரையிலான சிறு காணிக்கைகளுக்குப் படிவமே வேண்டாம், வருஷத்துக்கு 8,000 பவுண்டு வரையிலான வசூலுக்கு அதே 25 சதவீதம் கேட்டு வாங்கலாம். அதாவது 2,000 பவுண்டு வரை. பல கிராமக் கோயில்கள் இதைக் கேட்பதே இல்லை.

ஒன்று கவனம். கேக் விற்றால் அது வியாபாரம், கிஃப்ட் எய்ட் கிடையாது. லெந்து சூப்புக்கு விலை போடாமல், "சாப்பாடு இலவசம், விரும்பினால் காணிக்கை" என்று நிஜமாகவே வைத்தால் அது காணிக்கை.

---

நெல்லை_வாத்தியார் எழுதியது:

மகளே, நாசரேத்துக்காரி என்று சொன்னபிறகு நான் சும்மா இருக்க முடியுமா?

களக்காடு தாண்டி டோனாவூர் இருக்கிறதே, அந்த ஊர்ப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1827இல், பிரஷ்யாவில் இருந்த டோனா பிரபு கொடுத்த பணத்தில் உருவான ஊர் அது. அவர் பெயரே ஊருக்கு நின்றுவிட்டது. நம் பக்கத்துக் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் எங்கோ கண்காணாத ஊர்களில் ஆராதனைக்கு வந்தவர்கள் போட்ட காசில் தொடங்கியவை. நாம் அந்தக் கொடையின் மறுமுனையில் பிறந்தவர்கள். உன் கூட்டத்தில் எழுந்து பேச உன்னைவிட உரிமை உள்ளவர் அங்கே யாரும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வருவது அதோடு நின்றுவிடாது. 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் மற்றவர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் பணம், நம் ஆட்கள் என்பதுதான் அதன் அடிப்படை. அப்போது திருநெல்வேலிக் கிராமங்களில் எந்தக் கோயில் கூரை ஒழுகாமல் இருந்தது? பனையேறிகளின் சபைகள் அவை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்த பெண்கள், தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் வேற்றுமொழி பேசும் ஜனங்களுக்கு அனுப்பினார்கள். மிசோரம் மலைகளில் இன்றைக்கும் வீடு வீடாகப் பிடி அரிசி எடுக்கிறார்கள். அரிசியை விற்ற பணம் அவர்களுடைய திருச்சபைப் பணியின் முதுகெலும்பு.

எல்லாக் கடமையும் முடிந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருந்தால் எந்த ஏழைச் சபையும் எக்காலத்திலும் கொடுத்திருக்காது.

கிராமக் கோயில் என்று குறைத்தும் நினைக்காதே. மதர்ஸ் யூனியன் என்ற கிறிஸ்தவப் பெண்கள் அமைப்பு தொடங்கியது லண்டனில் அல்ல. 1876இல் ஹாம்ப்ஷயரில் ஓல்ட் ஆல்ரெஸ்ஃபோர்டு என்ற கிராமத்தில், குருவானவரின் மனைவி மேரி சம்னர் தன் ஊர்த் தாய்மார்களைக் கூட்டி உட்கார வைத்தது. இன்று உலகமெங்கும் சுமார் நாற்பது லட்சம் உறுப்பினர்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களில் எழுத்தறிவு வகுப்பும் சேமிப்புக் குழுவும் நடத்துகிறார்கள். உன் ஊரிலிருந்து அது எட்டாத தூரமும் இல்லை.

---

நேர்வழி எழுதியது:

வாத்தியார் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனாலும் யாராவது கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கிறேன். வெளிநாட்டுக் கோயில் பணம் என்றால் அதன் பின்னால் மதமாற்ற நோக்கம் இருக்கிறதா இல்லையா? "சமுதாய வளர்ச்சி" என்ற பெயரில் கிணறு வெட்டிவிட்டு, தண்ணீர் எடுக்க வருகிறவரிடம் துண்டுப் பிரசுரம் நீட்டினால் அதை உதவி என்று எப்படிச் சொல்வது? வில்ட்ஷயர்வாசி இதற்கு நேரான பதில் வைத்திருக்க வேண்டும். கிராமத்தில் வீடு வீடாக வசூலிக்கும்போது கோயிலுக்கே வராதவர்களும் காசு போடுவார்கள் அல்லவா?

---

எடின்பரோ_மலர் எழுதியது:

நேர்வழி அண்ணா, நல்ல கேள்வி. நான் பல வருஷம் கிறிஸ்டியன் எய்ட் வாரத்தில் சிவப்பு உறை எடுத்துக்கொண்டு கதவு தட்டியவள். முதல் வீட்டிலேயே இந்தக் கேள்விதான் வரும்.

அது ஆரம்பித்த கதையைச் சொன்னால் பாதி விளங்கும். 1945இல் பிரிட்டன், அயர்லாந்து சபைகள் சேர்ந்து, போரில் வீடிழந்த ஐரோப்பிய அகதிகளுக்காகத் தொடங்கிய வேலை. உதவி தேவைப்பட்டவர்களில் நேற்றுவரை எதிரியாக இருந்த ஜெர்மானியர்களும் அடக்கம். யாரையும் மதம் மாற்ற அவசியமில்லை, அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். 1957இல் ஜேனட் லேசி தலைமையில் முதல் கிறிஸ்டியன் எய்ட் வாரம். இருநூறு ஊர்கள் அளவில் கலந்துகொண்டு 26,000 பவுண்டு சேர்த்தார்கள். மதம் பார்க்காமல் உதவுவதும், பிரசாரம் செய்யாததும் அவர்கள் வெளிப்படையாக அறிவித்த கொள்கை. உள்ளூரில் வேலை செய்யும் கூட்டாளிகளில் கிறிஸ்தவர் அல்லாத அமைப்புகளும் உண்டு.

செஞ்சிலுவைச் சங்கமும் பெரிய நிவாரண அமைப்புகளும் சேர்ந்து 1994இல் ஒரு நடத்தை விதி எழுதின. எந்த அரசியல், மத நிலைப்பாட்டையும் வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் ஒரு விதி. எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இதில் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

சபைகளுக்குள்ளேயும் வித்தியாசம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1968இல் வந்த டியர்ஃபண்ட் என்ற உதவி நிறுவனம் உள்ளூர்த் திருச்சபைகள் வழியாகவே வேலை செய்யும். உதவி எல்லா மதத்தவருக்கும் போனாலும், சபையைப் பலப்படுத்துவதும் தங்கள் நோக்கம் என்று அவர்களே சொல்வார்கள். வசூலிக்கும்போது இதையெல்லாம் எழுதி ஒட்டிவிட வேண்டும். கோயிலுக்கு வராத பக்கத்து வீட்டுக்காரர் தெரிந்து கொடுக்கட்டும், அல்லது தெரிந்தே கொடுக்காமல் இருக்கட்டும்.

வில்ட்ஷயர் அக்காவுக்கு ஒன்று. கதவு தட்டும் வசூல் இப்போது பல ஊரில் நின்றுவிட்டது. நடக்கிறவர்களுக்கு வயதாகிவிட்டது, வீட்டில் யாரிடமும் சில்லறை இல்லை, 2020 கொரோனாவில் எல்லாம் இணைய உறைக்குப் போனது. நாங்கள் கோயில் வாசலில் கார்டு மெஷின் வைத்தோம். ஆனாலும் தட்டிப் பேசினதில் ஒரு அருமை இருந்தது. தனியாக இருக்கும் முதியவர்கள் உறையைக் கையில் வைத்துக்கொண்டே தங்கள் கதையைச் சொல்வார்கள். முடிந்தால் ஒரு தெருவுக்காவது போங்கள்.

---

நேர்வழி எழுதியது:

தெளிவான பதில், நன்றி மலர். எழுதி ஒட்டுவது என்ற அந்த ஒரு விஷயத்தைச் செய்தாலே பாதிச் சந்தேகம் போய்விடும். நான் தொடர்ந்து படிக்கிறேன்.

---

நாகை_நெய்தல் எழுதியது:

"நமக்கென்று ஒரு கிராமம்" என்ற ஆசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் களப்பணி செய்தவள் நான்.

எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். உலகமே பணம் அனுப்பியது. பிரிட்டனில் மட்டும் கூட்டு நிதி அழைப்புக்கு 392 மில்லியன் பவுண்டு சேர்ந்தது. வந்தவர்களில் மிக அதிகம் பேர் கொடுக்க ஆசைப்பட்டது எதைத் தெரியுமா? படகு. ஃபைபர் படகு. கொடுத்தவர் பெயரைப் பக்கவாட்டில் பெயின்ட் அடிக்கலாம், மாலை போட்டுக் கடலில் இறக்கும்போது படம் எடுக்கலாம். முன்பு கூலிக்குப் போனவர்கள் கையிலும் படகு வந்தது. அது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சில குப்பங்களில் சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிடப் படகு கூடிப்போய், ஏறிப் போக ஆள் கிடைக்கவில்லை. கரையில் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். உப்புநீர் புகுந்து வயல் கெட்டு, கூலி வேலையே போன விவசாயத் தொழிலாளர்கள் உள்ளே இரண்டு மைல் தள்ளி இருந்தார்கள். அவர்கள் பக்கம் வெகுநாள் யாரும் திரும்பவில்லை, அங்கே கடல் தெரியாது.

மீன் விற்கும் பெண்களை யாராவது கேட்டார்களா? கூடை சுமந்து ஊர் ஊராகப் போகிறவர்கள். வாடை அடிக்கிறது என்று பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். காலையில் ஏலத்தில் மீன் எடுக்கக் கையில் முதல் இருக்காது, கந்து வட்டிக்கு வாங்கி, சாயங்காலம் வட்டியோடு திருப்புவார்கள்.

அப்போது வெளிநாட்டில் ஒரு சின்ன ஊர்க் கோயிலிலிருந்து எங்கள் அமைப்புக்குப் பணம் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் அவர்கள் செய்த மூன்று காரியங்களை நான் இன்றும் மறக்கவில்லை. என்ன செய்வது என்று எங்களுக்குச் சொல்லாமல், பெண்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதச் சொன்னார்கள். மொத்தமாகக் கொடுக்காமல் சில வருஷங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வருஷா வருஷம் "எது சரியாக வரவில்லை?" என்று கேட்டார்கள், அந்தப் பதிலுக்காகப் பணத்தை நிறுத்தவும் இல்லை.

பெண்கள் கேட்டது சுழல் முதல் (ஒருவர் திருப்பிக் கட்டியதும் அடுத்தவருக்குப் போகும் பணம்), ஐஸ் பெட்டி, சேர்ந்து வாடகைக்குப் பேசிய ஒரு லோடு ஆட்டோ. குழுவில் முதல் கூட்டத்தில் ஒரு அம்மா சுருக்குப் பையை அவிழ்த்து, கந்து வட்டிக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தார். மற்றவர்களும் எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்குத்தான் அந்தக் குப்பத்தின் மொத்தக் கடன் எவ்வளவு என்று அவர்களுக்கே தெரிந்தது. எந்தத் திட்ட அறிக்கையிலும் அது வந்திருக்காது, யாராவது உட்கார்ந்து கேட்டதால் வந்தது.

அதனால் "ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம்" என்று சொல்லாதீர்கள் சகோதரி. அந்தக் கிராமத்தில் ஏற்கெனவே வேலை செய்கிறவர்கள் யார், அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் கேட்பது படம் எடுக்க அழகாக இல்லாத விஷயமாக இருந்தால், பெரும்பாலும் அதுதான் சரியான விஷயம்.

---

வில்ட்ஷயர்வாசி எழுதியது:

நெய்தல் அக்கா, இதை மூன்று முறை படித்தேன். எங்கள் கவுன்சிலில் இதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல அனுமதி தருவீர்களா?

இன்னொரு சந்தேகம். எங்கள் இளையவர் ஒருவர், "உங்கள் வங்கிக் கணக்குக்குப் போட்டுவிடுகிறோம், நீங்கள் ஊர்ச் சேகரத்துக்கு அனுப்பிவிடுங்கள்" என்கிறார். என்னிடம் இப்போதும் இந்திய பாஸ்போர்ட்தான். இது சரியா?

---

மதுரை_ஆடிட்டர் எழுதியது:

அம்மா, வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, அதில் 2020இல் வந்த திருத்தம், இரண்டும் இங்கே பொருந்தும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் உங்கள் கோயில் மக்களின் பணம் உங்கள் கணக்கு வழியாக வந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். நாளைக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டால் உங்கள் சொந்தப் பணமும் அப்படியே, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும் மாற்றமில்லை. மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டும் அல்ல, வாங்கிய சேகரமும்தான்.

வாங்கும் அமைப்புக்கு இந்தச் சட்டத்தில் பதிவு வேண்டும். பதிவு ஐந்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் மெயின் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 ஆக இருந்தது. இவை எல்லாவற்றையும்விட முக்கியம்: 2020க்குப் பிறகு, பதிவுள்ள ஒரு அமைப்பு தான் வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. முன்பெல்லாம் பெரிய நிறுவனம் வாங்கிச் சின்னக் கிராமக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்த வழி அடைபட்டுவிட்டது. எத்தனையோ சின்னக் குழுக்கள் இதில் காய்ந்துபோயின. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் சட்டம் சட்டம்தான்.

பதிவு இல்லாத அமைப்புக்கு, குறிப்பிட்ட கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் உள்துறை அமைச்சகத்தில் முன் அனுமதி கேட்கலாம். நேரம் பிடிக்கும். ஊர் நினைப்பில் அவசரப்படாதீர்கள்.

---

ஹாரோ_கணக்கர் எழுதியது:

இங்கிலாந்துப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயில் பணம் வெளிநாட்டு அமைப்புக்குப் போகும்போது, அது தருமக் காரியத்துக்குத்தான் செலவாகும் என்று உறுதிசெய்யத் தகுந்த நடவடிக்கை எடுத்தீர்களா என்று வரித்துறை கேட்கும். ஒப்பந்தக் கடிதம், ரசீது, வருடாந்திர அறிக்கை, முடிந்தால் நேரில் பார்த்த ஒருவரின் குறிப்பு. இவை இல்லாவிட்டால் அந்தத் தொகைக்குக் கோயிலே வரி கட்ட நேரலாம். கவுன்சில் உறுப்பினர்கள் எல்லாரும் சட்டப்படி அறங்காவலர்கள், அக்காவும் சேர்த்து.

வசூல் அறிவிப்பை எழுதும்போதும் யோசியுங்கள். "இந்த ஊரில் கிணறு வெட்ட" என்று எழுதி வசூலித்தால் அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொட முடியாது, கூரைக்குக் கடனாகக்கூட எடுக்கக் கூடாது. "இந்தக் கிணற்றுக்கு, முடியாமல் போனால் அல்லது மீதமானால் இதே போன்ற பணிக்கு" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னால் தலைவலி இல்லை.

---

வன்னிமகள் எழுதியது:

நான் லண்டனில இருக்கிறன், ஊர் கிளிநொச்சிப் பக்கம். போருக்குப் பிறகு எங்கட ஊர்ச் சங்கத்தால நிறையச் செய்தனாங்கள். நெய்தல் அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கட்டடத்துக்குக் கேட்டா உடன காசு சேரும், கல்வெட்டில பேர் வரும் எண்டு. அந்தக் கட்டடத்தில படிப்பிக்கிற பிள்ளைக்கு மாதச் சம்பளம் கேட்டா ஒருத்தரும் இல்லை. வில்ட்ஷயர் அக்கா, உங்கட கோயில் சின்னன் எண்டாலும் ஒரு ஆளின்ர சம்பளத்தைப் பத்து வருசத்துக்குப் பொறுப்பெடுக்கலாம். அது கட்டடத்தைவிடப் பெரிய வேலை.

---

எடின்பரோ_மலர் எழுதியது:

வன்னிமகள் சொன்னதோடு சேர்த்து: தெற்கு சூடானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் சுதந்திரம், 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர். சுவர் இடியும், பயிற்சி பெற்ற ஆசிரியரும் மருத்துவச்சியும் அகதி முகாமுக்குப் போனாலும் அந்தப் படிப்பு கூடவே போகும். ஐம்பது வருஷ உறவு இருக்கும்போது, போர் வந்ததும் விட்டுவிடாமல் நிற்க ஒரு காரணம் இருக்கிறது. வடக்கே சூடானிலும் 2023 ஏப்ரலிலிருந்து போர். அக்கா, இப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் திருமண்டல உறவை விட்டுப் புதிதாகத் தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் போவது சரியாக எனக்குப் படவில்லை. தமிழச்சியாக இருந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன்.

அரசையும் விட்டுவிடக் கூடாது. பிரிட்டன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் வெளிநாட்டு உதவிக்குக் கொடுத்துவந்தது. 2021இல் 0.5 ஆக்கினார்கள், 2027க்குள் 0.3 ஆகக் குறைப்போம் என்று 2025இல் அறிவித்துவிட்டார்கள். எத்தனை ஆயிரம் செடி விற்றாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடிக்காக 1998 மே 16ஆம் தேதி பர்மிங்காமில் 70,000 பேர் கைகோத்து நின்றார்கள். ஊர் ஊராகக் கோயில்களிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் அதில் ஏராளம். வசூல் மேசையின் ஓரத்தில் உங்கள் எம்.பி.க்கு எழுதக் கொஞ்சம் தபால் அட்டையும் வையுங்கள்.

---

நெல்லை_வாத்தியார் எழுதியது:

மலர் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. சூடானை விட வேண்டாம். ஆனால் தன் பிறந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையை அடக்கச் சொல்லாதீர்கள். மகளே, ஊருக்கு உன் சம்பளத்திலிருந்து செய். ஆடிட்டர் சொன்னபடி, இந்திய பாஸ்போர்ட் இருக்கும்வரை அதற்குத் தடை இல்லை. கோயில் பணம் கோயிலின் உறவு இருக்கும் இடத்துக்குப் போகட்டும்.

---

வில்ட்ஷயர்வாசி எழுதியது:

நேற்று கவுன்சில் கூட்டம் முடிந்தது. எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன்.

ஹாரோ தம்பி சொன்னபடி தாளில் கணக்குப் போட்டுக் கொண்டுபோனேன். சிறு காணிக்கைத் திட்டத்தில் நாங்கள் இதுவரை கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அதைக் கேட்டு வாங்கினால் கிடைக்கும் தொகை முழுவதும் கூரைக்கு, பத்தில் ஒரு பங்கில் கை வைப்பதில்லை என்று முடிவானது. கூரைக்கான விண்ணப்ப வேலையை, நிறுத்தச் சொன்ன அதே பெரியவர் தானே ஏற்றுக்கொண்டார். டோனாவூர்க் கதையைச் சொன்னேன் வாத்தியார் ஐயா. அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து, "அப்படியென்றால் உங்கள் பாட்டனாரின் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார். ஆமாம், மிஷன் பள்ளிக்கூடம்தான் என்றேன். அதற்குமேல் அவர் எதிர்த்துப் பேசவில்லை.

நெய்தல் அக்காவின் சுருக்குப் பை விஷயத்தைச் சொல்லி முடித்தபோது, நாற்று விற்கும் பாட்டி, "சூடானில் அந்தப் பெண்கள் என்ன கேட்கிறார்கள் என்று நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. திருமண்டலத்தின் சூடான் குழுவுக்குக் கடிதம் எழுதுகிறோம். அங்கிருந்து வரும் பதிலைப் பொறுத்து, கட்டடத்துக்கு அல்லாமல் ஆசிரியர் சம்பளம் அல்லது பயிற்சிக்கு, ஐந்து வருஷ வாக்குறுதியாகக் கொடுப்பது என்று பேச்சு. இளையவர்கள் ஆசைக்காகக் கிராம மண்டபத்துக் கழிப்பறையை டாய்லெட் ட்வின்னிங் என்ற திட்டத்தில் சேர்க்கிறோம். பணம் கட்டினால் எங்கோ ஒரு குடும்பத்தின் கழிப்பறைப் படமும் அது இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்ணும் போட்ட சான்றிதழ் வரும், பிரேம் போட்டு மாட்டலாம். கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும் என்ற அவர்கள் விருப்பமும் தவறில்லை.

அறிவிப்புப் பலகையில், பணம் யார் வழியாக, யாருக்கு, மத வித்தியாசம் பார்க்காமல் போகிறதா என்பது வரை எழுதி ஒட்டிவிட்டோம் நேர்வழி அண்ணா.

அடுத்த செடி விற்பனையில் உளுந்து வடையும் சுண்டலும் போடச் சொல்லி என்னை மாட்டிவிட்டார்கள். இதில் ஏதாவது சட்டம் உண்டா?

---

நாகை_நெய்தல் எழுதியது:

தாராளமாகச் சொல்லுங்கள் சகோதரி, எந்தக் கூட்டத்திலும் சொல்லலாம். அங்கிருந்து பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள்.

---

எடின்பரோ_மலர் எழுதியது:

எப்போதாவது ஒருநாள் போடுவதற்கு உணவுத் தொழிலாகப் பதிவு தேவைப்படாது அக்கா. ஆனால் ஒவ்வாமை விவரத்தை எழுதி வைத்துவிடுங்கள். சுண்டல் தாளிப்பில் கடுகு இருக்கிறது, கடுகு இங்கே கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 பொருட்களில் ஒன்று. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், கோதுமை இல்லாததும் கிடைக்கிறது. வடையைச் சுடச்சுடப் போடுங்கள், மேசையில் நேரம் கழித்து வைத்தால் அவர்கள் வாங்க யோசிப்பார்கள். விலை எழுதாமல் காணிக்கைப் பெட்டி வைத்துப் பாருங்கள், நாங்கள் அப்படித்தான் வைத்தோம், விலை போட்டபோது கிடைத்ததைவிட அதிகம் விழுந்தது.